ட்ஸிகொய்னர்வைஸன்: சரசாத்தேயின் வயலின் படைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய வயலின் பயிலும் மாணவர்களும், அவர்களின் பெற்றோரும், கர்நாடக இசைப் பழக்கத்தோடு இந்தப் படைப்பை முதன்முறையாகக் கேட்ட நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தேவையான இடங்களில் மேலே உள்ள பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

இது என்ன படைப்பு? யார் எழுதியது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

ஸ்பானிய வயலின் மேதை பப்லோ தே சரசாத்தே 1878-இல் எழுதிய படைப்பு இது. ஓபஸ் எண் 20. தனி வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதப்பட்டது. பியானோ பக்கவாத்தியத்தோடும் பரவலாக வாசிக்கப்படுகிறது. அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் முதன்முதலாக மேடையேறியது. வாசிக்க எட்டு முதல் பத்து நிமிடங்கள் ஆகும்.

தலைப்பு ஜெர்மன் மொழியில் இருக்கிறது. 'ஜிப்சி மெட்டுகள்' என்பது அதன் பொருள். முதல் எழுத்தை 'ட்ஸி' என்று தொடங்கி, 'ட்ஸி-கொய்-னர்-வை-ஸன்' என்று சொன்னால் போதும்.

சரசாத்தே ஹங்கேரிக்காரர்தானே?

இல்லை. அவர் 1844-இல் ஸ்பெயினின் நவார்ரா பகுதியிலுள்ள பம்ப்லோனாவில் பிறந்தவர். பாரிஸ் கன்சர்வேட்டரியில் தெல்ஃபான் அலாரிடம் பயின்று, பதின்மூன்று வயதில் அங்கே முதல் பரிசு பெற்றார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஐரோப்பாவெங்கும் கச்சேரிப் பயணங்களிலேயே கழித்து, 1908-இல் பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் மறைந்தார். லாலோவின் 'ஸ்பானிய சிம்பொனி', சேன்-சான்ஸின் மூன்றாம் வயலின் கன்செர்ட்டோ, புரூக்கின் 'ஸ்காட்டிஷ் ஃபேன்டஸி' ஆகியவை அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதே, அவரைச் சமகாலத்து இசையமைப்பாளர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டும்.

ஸ்பெயின்காரர் ஒருவர் ஹங்கேரிய இசையைக் கையிலெடுக்கக் காரணம் என்ன?

அந்தக் காலத்துக் கச்சேரி மேடையின் விருப்பமே முதற்காரணம். லிஸ்ட்டின் 'ஹங்கேரிய ராப்ஸோடிகள்' பியானோ மேடைகளில் நிலைபெற்றுவிட்டன. பிராம்ஸ் 1869-இல் வெளியிட்ட 'ஹங்கேரிய நடனங்கள்' வீட்டுப் பியானோக்கள் வரை சென்று சேர்ந்துவிட்டன. 'ஹங்கேரிய பாணி' என்றாலே அரங்கு நிரம்பும் என்ற நிலையில், சுற்றுப்பயணத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு வயலின் கலைஞர் அதைத் தொடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. ஹங்கேரியின் உணவு விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் வாசித்த ரோமா (பிறர் 'ஜிப்சி' என்று அழைத்த மக்கள்) இசைக்குழுக்களில் தலைவராக இருந்தவர் வயலின்காரர்தான். அவரைப் 'பிரீமாஷ்' என்பார்கள். இரண்டாவது வயலின், அடித்தந்தி வாத்தியம், சிறு சுத்தியல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் சிம்பலம், சில குழுக்களில் கிளாரினெட் என்று மற்றவர்கள் எல்லோரும் அவர் வில்லைப் பார்த்து நடப்பார்கள். அவர் நிறுத்தினால் நிற்பார்கள், ஓடினால் ஓடுவார்கள். தனி வயலின் கலைஞர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறு எங்கே கிடைக்கும்?

இதில் எத்தனை பகுதிகள் இருக்கின்றன? எதை எங்கே கேட்க வேண்டும்?

இடைவெளியின்றித் தொடரும் நான்கு பகுதிகள் உள்ளன. முதல் மூன்றும் சி மைனர் சுருதியிலும் கடைசிப் பகுதி ஏ மைனரிலும் அமைந்துள்ளன. முதற்பகுதியில் ஆர்கெஸ்ட்ரா கம்பீரமான ஒரு மெட்டை அறிவிப்புபோல் முழங்கி முடித்ததும், வயலின் தன் அடித்தந்தியின் கரகரப்பான குரலில் அதை வாங்கிக்கொண்டு மேலேறுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்கலாம்: வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி ஜி. சி-யை ஷட்ஜமாக வைத்தால் அதுதான் பஞ்சமம். விரல் வைக்காமலேயே ஒலிக்கும் அந்தத் தந்தி பின்னணியில் அதிர்வதால் தொடக்கத்திற்குத் தனி கனம் கிடைக்கிறது.

இரண்டாம் பகுதி, லென்ட்டோ என்று குறிக்கப்பட்ட மெதுநடை. தாளம் இருக்கிறது, ஆனால் இல்லாததுபோல் நடக்கும். ஒரு நீண்ட ஸ்வரம், அதைத் தொடர்ந்து சிறு எழுத்தில் அச்சிட்ட ஸ்வரங்களின் சரம், பிறகு ஒரு நிறுத்தம், மீண்டும் ஒரு பாய்ச்சல் என்று போகும். மூன்றாம் பகுதி இன்னும் மெதுவானது. வயலினில் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் மேல் மியூட் என்ற சிறு ரப்பர் துண்டைப் பொருத்தி, மூடிய குரலில், எளிய பாட்டு ஒன்றை வாசிக்க வேண்டும். அரங்கில் உட்கார்ந்து பார்த்தால் கலைஞர் அந்தச் சில நொடி ஓய்வில் பாலத்துக்குப் பின்னே தந்திகளில் தொங்கும் மியூட்டை விரலால் தள்ளி ஏற்றுவதும், நான்காம் பகுதி தொடங்குமுன் இறக்குவதும் தெரியும்.

நான்காம் பகுதியில் எல்லாம் மாறிவிடும். இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில், மூச்சுவிட நேரமில்லாத வேகத்தில், வில் தந்தியின்மேல் குதிக்க, இடக்கை விரல்களே தந்தியை மீட்ட, இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துபோகும்.

மெதுவான பகுதி முடிந்தவுடன் நான் கைதட்டிவிட்டேன். தவறா?

தவறு ஒன்றுமில்லை, பலருக்கும் நேர்வதுதான். மூன்றாம் பகுதி ஒலி தேய்ந்து அடங்குவதால் முடிந்துவிட்டதாகவே தோன்றும். வயலின் இன்னும் தோளிலிருந்து இறங்கவில்லை என்றால் விரைவுப் பகுதி பாக்கி என்று கொள்ளலாம்.

'லஸ்ஸூ', 'ஃப்ரிஷ்', 'சார்தாஷ்', 'வெர்புங்கோஷ்' என்று ஏதேதோ சொல்கிறார்களே, இவை என்ன?

வெர்புங்கோஷ் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் படைக்கு ஆள் சேர்க்க வந்த வீரர்கள் கிராமத்து இளைஞர்களை ஈர்க்க ஆடிய நடனம். அதற்கு ரோமா குழுக்கள் வாசித்தன. மெதுவாகத் தொடங்கி விரைவாக முடிப்பது அதன் இயல்பு. மெதுவான பாகம் லஸ்ஸூ, விரைவான பாகம் ஃப்ரிஷ். 19-ஆம் நூற்றாண்டில் இதிலிருந்து கிளைத்து இணையர் ஆடும் நடனமாக வளர்ந்தது சார்தாஷ். அந்தப் பெயர் நெடுஞ்சாலை விடுதியைக் குறிக்கும் 'சார்தா' என்ற சொல்லிலிருந்து வந்தது.

ட்ஸிகொய்னர்வைஸன் முழுவதும் இந்த அமைப்பின் மேல்தான் நிற்கிறது: முதல் மூன்று பகுதிகளும் விரிந்த லஸ்ஸூ, நான்காவது ஃப்ரிஷ். சொற்றொடரின் முடிவில் குதிகாலோடு குதிகால் தட்டுவதைப் போன்ற ஒரு சிறு ஸ்வர அலங்காரம் இந்த வகை இசையில் அடிக்கடி வரும். அதற்கு 'போகாஸோ' என்று பெயர். உண்மையிலேயே ஆடுபவர்கள் காலணிகளைத் தட்டும் இடம் அது. குறுகிய ஸ்வரத்தை முதலில் அழுத்திவிட்டு நீண்ட ஸ்வரத்தில் இளைப்பாறும் தாள அமைப்பும் ஹங்கேரிய மொழியோடு இசைந்தது. அம்மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசையில்தான் அழுத்தம் விழும்.

இதுவும் மோன்டியின் 'சார்தாஷ்' என்பதும் ஒன்றா? இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவே.

வேறு வேறு. மோன்டி என்பவர் நேப்பிள்ஸில் பிறந்த இத்தாலியர். அவருடைய சார்தாஷ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நாலைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். கற்கவும் எளிது. மேலே சொன்ன லஸ்ஸூ–ஃப்ரிஷ் அமைப்பு இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன. கல்யாண வரவேற்புகளிலும் ஓட்டல்களிலும் கேட்டது பெரும்பாலும் மோன்டியுடையதாகத்தான் இருக்கும்.

இதே குடும்பத்தில் ராவெல் எழுதிய 'ட்ஸிகான்' என்ற படைப்பும் உண்டு. 1924-இல் ஹங்கேரிய வயலின் கலைஞர் யெல்லி தாரான்யிக்காக எழுதப்பட்டது. அதன் தொடக்கத்தில் பக்கவாத்தியமே இல்லாமல் வயலின் நெடுநேரம் தனியாகப் பேசும். சரசாத்தே ஏற்கெனவே இருந்த மெட்டுகளை எடுத்தாண்டார். ராவெல் பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டுகளைத் தாமே ஆக்கினார்.

மெட்டுகள் உண்மையிலேயே ஹங்கேரிய நாட்டுப்புற மெட்டுகளா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. சுருக்கமான பதில்: நாட்டுப்புறத்தார் பாடியவை என்ற பொருளில் பெரும்பாலும் அல்ல. மூன்றாம் பகுதியில் மியூட் போட்டு வாசிக்கும் அந்த உருக்கமான பாட்டுக்கு ஆசிரியர் இருக்கிறார். ஹங்கேரியப் பாடலாசிரியர் எலெமேர் செந்திர்மாய் (1836–1908) இயற்றியது அது. 'உலகில் ஒரே ஒரு அழகிய பெண்தான் இருக்கிறாள்' என்று தொடங்கும் காதல் பாட்டு. சரசாத்தே அதை ஊர்ப்பாட்டு என்று எண்ணியே எடுத்தார் என்றும், உண்மை தெரிந்தபின் அனுமதி பெற்றார் என்றும் சொல்வார்கள்.

செந்திர்மாயின் பாட்டு 'மக்யார் நோட்டா' என்ற வகையைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் படித்த நடுத்தர வகுப்பினரும் சிறு நிலக்கிழார்களும் இயற்றி, ரோமா குழுக்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன நகரத்துப் பாட்டுகள் இவை. குழுக்கள் ஆசிரியர் பெயரைச் சொல்லி வாசிப்பதில்லை, வெளிநாட்டு விருந்தினரும் கேட்பதில்லை. பிராம்ஸுக்கும் இதே கதி நேர்ந்தது. அவருடைய புகழ்பெற்ற ஐந்தாம் ஹங்கேரிய நடனத்தின் மெட்டு பேலா கேலர் என்பவர் எழுதிய சார்தாஷ். பிராம்ஸ் அதை நாட்டுப்புற மெட்டு என்றே நினைத்திருந்தார்.

உண்மையான கிராமத்துப் பாட்டுகள் எப்படி இருக்கும் என்பது அதன்பிறகுதான் உலகுக்குத் தெரியவந்தது. ஹங்கேரிய இசையமைப்பாளர்களான ஸோல்டான் கோதாய் 1905-இலும், அவரைத் தொடர்ந்து பேலா பார்டோக்கும், ஃபோனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய் உழவர்களைப் பாடவைத்துப் பதிவுசெய்தார்கள். 1906-இல் இருபது பாட்டுகளைச் சேர்ந்து வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட பழைய அடுக்கைச் சேர்ந்த பாட்டுகள் ஐந்து ஸ்வரங்களில் அமைந்தவை, மேலிருந்து கீழிறங்குபவை. முதற்பாதியில் வந்ததே பிற்பாதியில் ஐந்து ஸ்தானம் கீழே திரும்ப வருவதும் உண்டு. சரசாத்தேயின் படைப்பில் அந்த உலகத்தின் சாயல் கிட்டத்தட்ட இல்லை.

அப்படியானால் 'ஹங்கேரிய நாட்டுப்புற இசையால் உந்தப்பட்டது' என்று நிகழ்ச்சிக் குறிப்புகளில் போடுவது பொய்யா?

பொய் என்று சொல்லமாட்டேன், பாதி உண்மை என்பேன். மெட்டு யாருடையது என்பது ஒரு கேள்வி. அது எப்படி வாசிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. சரசாத்தே உண்மையில் கடன்வாங்கியது மெட்டுகளைவிட, பிரீமாஷின் வாசிப்பு முறையைத்தான்: ஸ்வரத்தைத் தொடுமுன் வழுக்கிச் செல்வது, எதிர்பார்த்த இடத்தில் வராமல் ஒரு கணம் தாமதிப்பது, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று ஸ்வரங்களைக் கொட்டுவது. அந்த முறை ஒரு மக்கள் கூட்டத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மரபு. அதற்கு 'நாட்டுப்புற' என்ற அடைமொழி பொருந்தாது என்று வாதிட நான் தயாரில்லை.

ஹங்கேரிய உழவரின் மெட்டுகளையே எடுத்தாளும் மேடை வயலின் படைப்பைக் கேட்க விரும்புவோர் பார்டோக் 1928-இல் எழுதிய இரண்டு வயலின் ராப்ஸோடிகளைத் தேடிக் கேட்கலாம். கிராமத்து வயலின்காரர்களிடம் கிடைத்த ருமேனிய மெட்டுகளும் அவற்றில் கலந்திருக்கின்றன. அவையும் லஸ்ஸூ–ஃப்ரிஷ் அமைப்பிலேயே உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தானே விளங்கும்.

விரைவுப் பகுதியின் மெட்டு லிஸ்ட்டின் பதின்மூன்றாம் ராப்ஸோடியிலும் வருகிறது. சரசாத்தே திருடிவிட்டாரா?

மெட்டு ஒன்றுதான் என்பது சரி. லிஸ்ட்டின் படைப்பு காலத்தால் முந்தியது என்பதும் சரி. ஆனால் லிஸ்ட்டும் தம் ராப்ஸோடிகளுக்கு மெட்டுகளைப் புழக்கத்திலிருந்தே எடுத்தார். பலர் கையில் புழங்கிய மெட்டைப் பின்னால் வந்தவர் எடுத்தாண்டதைத் திருட்டு என்பது அக்காலத்து வழக்கத்துக்குப் பொருந்தாது. செந்திர்மாய் விஷயம் வேறு. அங்கே உயிரோடு இருந்த ஓர் ஆசிரியரின் உரிமை இருந்தது.

கேட்டவுடன் சிம்மேந்திரமத்யமம் மாதிரி இருக்கிறது என்கிறாள் என் மனைவி. சரியா?

நல்ல செவி. மேற்கத்திய நூல்களில் 'ஹங்கேரியன் மைனர்' என்றும் 'ஜிப்சி ஸ்கேல்' என்றும் வழங்கும் ஸ்வரவரிசை, 57-ஆவது மேளகர்த்தாவான சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வரஸ்தானங்களே: சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். காந்தாரத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவிலும், தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவிலும் உள்ள அந்த அகன்ற தாண்டல்தான் 'ஹங்கேரிய' ஏக்கமாக ஐரோப்பியச் செவிகளில் விழுகிறது. மாயாமாளவகௌளையின் மத்யமத்தை ஷட்ஜமாகக் கொண்டு கிரகபேதம் செய்தால் கிடைப்பதும் இதுவே என்பது பாடுபவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஸ்வரஸ்தானம் ஒத்துப்போவதால் ராகம் ஒன்றாகிவிடாது. சரசாத்தேயின் படைப்பு இந்த வரிசையிலேயே நிலைத்து நிற்பதில்லை. சுத்த மத்யமத்துக்கு இணையான ஸ்வரமும் தாராளமாக வரும், அடியில் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மாறிக்கொண்டே இருக்கும். கமகத்துக்கும் இந்த வழுக்கல்களுக்கும் இலக்கணமே வேறு. மேலும், பார்டோக்கும் கோதாயும் சேகரித்த பழைய கிராமத்துப் பாட்டுகளில் இந்த வரிசை இல்லை. அது வெர்புங்கோஷ் வழியாக வந்த நகரத்து அடையாளம்.

ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே? அப்படியென்றால் இது நம் இசையின் எச்சம் என்று சொல்லலாமா?

முதற்பாதி சரி. ரோமானி மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் மொழியியலாளர்களுக்கு ஐயமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றை 'யேக், துய், த்ரின்' என்று எண்ணுகிறார்கள். வட இந்தியப் பகுதிகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கே சென்றவர்கள் அவர்களின் முன்னோர்.

பிற்பாதியை ஏற்க இயலாது. ஹங்கேரியில் ரோமா குழுக்கள் தொழிலாக வாசித்தது, கேட்க வந்த ஹங்கேரியர்களின் இசையை. தங்களுக்குள் பாடிக்கொண்டது வேறு. குறிப்பாக வ்லாக் ரோமா சமூகத்தில் வாத்தியமே இல்லாமல், வாயாலேயே தாள ஒலி எழுப்பி, விரல் சொடுக்கிப் பாடும் மரபு இருக்கிறது. அது இந்தப் படைப்பை எவ்விதத்திலும் ஒத்திராது. லிஸ்ட் 1859-இல் எழுதிய நூலொன்றில் ஹங்கேரிய இசையையே ரோமா மக்களின் படைப்பு என்று வாதிட்டு ஹங்கேரியரின் கோபத்துக்கு ஆளானார். பார்டோக் பின்னர் எதிர்முனைக்குப் போய், அவர்கள் வாசித்தது அவர்களுடைய இசையே அல்ல என்றார். ஸ்வரவரிசையின் ஒற்றுமையை வைத்து இந்த வழக்கில் நாமும் மூன்றாவது கட்சியாகச் சேர வேண்டியதில்லை.

தலைப்பிலுள்ள சொல் இன்று தரக்குறைவானது என்கிறார்களே?

ஆம், ஜெர்மனியில் அந்தச் சொல்லைப் பொதுப்பேச்சில் தவிர்க்கிறார்கள். நாஜி ஆட்சியில் ரோமா மக்களும் அவர்களின் கிளையினரான சின்டி மக்களும் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது ஆவணங்களில் இருந்த சொல் அது. ஆஷ்விட்ஸில் அதன் முதலெழுத்தை அவர்கள் கைகளில் பச்சைகுத்தினார்கள். படைப்பின் பெயராக அது அப்படியே வழங்கிவருகிறது. மக்களைக் குறிக்கும்போது 'ரோமா' என்பதே முறை.

கடைசிப் பகுதியில் வில் இல்லாமலும் சத்தம் வருகிறது. அது எப்படி?

அது இடக்கை பிட்ஸிகாட்டோ. பொதுவாகத் தந்தியை வலக்கை விரலால் மீட்டுவார்கள். இங்கே வில் பிடித்த வலக்கைக்கு அதற்கு நேரம் கிடையாது. ஆகவே ஸ்வரத்தை அழுத்திக்கொண்டிருக்கும் இடக்கையின் ஒரு விரல் தந்தியை அழுத்த, அதற்கு மேலே உள்ள விரல் பக்கவாட்டில் இழுத்து விடுகிறது. வில்லால் ஒரு ஸ்வரம், விரலால் அடுத்தது என்று மாறி மாறி வருவதால் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். இந்தப் பகுதி ஏ மைனரில் இருப்பது தற்செயலல்ல என்றே நினைக்கிறேன். ஏ, ஈ ஆகிய திறந்த தந்திகள் அந்தச் சுருதிக்கு ஷட்ஜமும் பஞ்சமமும் ஆகிவிடுவதால் விரல் வைக்காமலேயே மீட்டிவிட முடிகிறது.

புல்லாங்குழல்போல் மெல்லிய கீச்சொலி கேட்கும் இடங்கள் ஹார்மானிக்ஸ். ஆள்காட்டி விரல் தந்தியை அழுத்திப் பிடிக்க, சுண்டுவிரல் நான்கு ஸ்தானம் மேலே தந்தியைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால், அழுத்திய ஸ்வரம் இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒலி அடைத்துக்கொண்டு வெறும் உரசல்தான் கேட்கும்.

மிகவும் கடினமான இடம் அந்த விரைவுப் பகுதிதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விரைவுப் பகுதி விரல்களுக்குக் கடினம். ஆனால் அது பயிற்சியால் வசப்படும். மெட்ரோநோம் என்ற தாளக்கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து நாள்தோறும் ஒரு கோடு கூட்டிக்கொண்டே போனால் ஓராண்டிலாவது கை பழகிவிடும்.

லென்ட்டோ அப்படியல்ல. ஏட்டில் இருப்பதை எண்ணிக்கை தவறாமல் வாசித்தால் உயிரே இருக்காது. எண்ணிக்கையை விட்டுவிட்டால் பக்கவாத்தியக்காரர் தொலைந்துபோவார். சிறு எழுத்து ஸ்வரச் சரங்களை எங்கே நிதானித்து எங்கே உதறிவிட வேண்டும் என்பதற்கு ஏட்டில் விடை இல்லை. போட்டி மேடைகளில் மெதுப்பகுதியைக் கடமைக்குக் கடந்துவிட்டு விரைவுப் பகுதிக்காகக் காத்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, பிரீமாஷின் முறை என்று மேலே சொன்னதில் பாதி அங்கேயே கைவிடப்பட்டதாகத் தோன்றும்.

என் மகள் வயலின் தேர்வில் எட்டாம் கிரேடு தேறிவிட்டாள். இதைத் தொடங்கலாமா?

எட்டாம் கிரேடு மட்டும் போதாது. மூன்று ஸ்தாயி ஸ்கேல்கள் சுத்தமாக வர வேண்டும். இரட்டைத் தந்தி வாசிப்பிலும் வில்லைக் குதிக்கவிடும் ஸ்பிக்காட்டோவிலும் கை நிலைபெற்றிருக்க வேண்டும். மோன்டியின் சார்தாஷை மேடையில் நிம்மதியாக வாசிக்க முடிந்த பிறகு, முதலில் மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்வரங்கள் குறைவு, குரல் வளம்தான் வேண்டும். சுண்டுவிரலில் வலி வந்தால் இடக்கைப் பிட்ஸிகாட்டோவை அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கர்நாடக வயலின் வாசிப்பவர் இதை வாசிக்க முடியுமா?

செவியும் விரல் வழுக்கலும் கைகொடுக்கும். மற்றவை தடுக்கும். நம் வயலினில் தந்திகளை ஷட்ஜ-பஞ்சமமாகச் சேர்ப்பதால், ஜி-டி-ஏ-ஈ சேர்க்கையை நம்பி எழுதிய விரலமைப்பு பொருந்தாது. தரையில் உட்கார்ந்து வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும்போது இடக்கைக்குக் கிடைக்கும் சுதந்திரம் வழுக்கல்களுக்கு நல்லது. ஆனால் வில்லை எறிந்து குதிக்கவிடும் வீச்சுகளுக்கு நின்று வாசிப்பதே வசதி. சுருதியை மாற்றிச் சேர்த்துக்கொண்டு நின்று பழகத் தயார் என்றால் தடையொன்றும் இல்லை.

எந்தப் பதிவை முதலில் கேட்பது?

யாஷா ஹைஃபெட்ஸ் 1937-இல் ஜான் பார்பிரோலி ஆர்கெஸ்ட்ராவை நடத்த வாசித்த பதிவைத் தவறவிடக் கூடாது. வேகத்துக்காக அதைப் புகழ்வார்கள், நான் அதன் லென்ட்டோவுக்காகச் சொல்கிறேன். நவீன ஒலித்தரம் வேண்டுமென்றால் வியன்னா ஃபில்ஹார்மானிக்குடன் அன்னெ-சோஃபி முட்டர் வாசித்தது இருக்கிறது. முதற்பகுதியின் அடித்தந்தி முழக்கம் அதில் அச்சுறுத்தும்படி இருக்கும். இவற்றோடு, ஹங்கேரிய ரோமா குழு ஒன்று வாசித்த ஏதாவதொரு சார்தாஷையும் கேட்டுவிட்டு மறுபடி சரசாத்தேக்குத் திரும்புங்கள்.

சரசாத்தே தாமே வாசித்த பதிவில் பேச்சுக்குரல் கேட்கிறதாமே?

கேட்கிறது. 1904-இல் அவர் வாசித்த சில இசைத்தட்டுகள் வெளியாயின, அவற்றில் இதுவும் ஒன்று. மின்சாரமில்லாத காலம். பெரிய புனலின் முன் நின்று வாசிக்க வேண்டும், பிழை நேர்ந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. விரைவுப் பகுதிக்குச் சற்றுமுன் ஆண்குரல் ஒன்று ஏதோ முணுமுணுக்கிறது. சரசாத்தே பக்கவாத்தியக்காரரிடம் சொன்னது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். என்ன சொன்னார் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஜப்பானிய எழுத்தாளர் உச்சிதா ஹ்யாக்கென் அந்தக் குரலை மையமாக வைத்து ஒரு சிறுகதையே எழுதினார், அது பின்னர் 1980-இல் திரைப்படமுமானது.

பள்ளி ஆண்டுவிழாவில் வாசித்து யூடியூபில் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தால் படைப்பு பொதுவுடைமை. சரசாத்தே, செந்திர்மாய் இருவரும் 1908-இல் மறைந்தவர்கள் என்பதால் நீங்களே வாசித்ததைப் பதிவேற்றத் தடையில்லை. பழைய இசையேட்டை ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பிறர் வாசித்த பதிவுக்கும், பிற்காலத்தவர் செய்த புதிய அமைப்புக்கும் தனி உரிமை உண்டு.

சரசாத்தேயே இசைத்தட்டில் சுருக்கி வாசித்திருக்கிறார். நாங்களும் நேரம் போதாவிட்டால் ஒரு பகுதியை விட்டுவிடலாமா? ஏட்டில் இல்லாத அலங்காரங்களைச் சேர்க்கலாமா?

அவர் சுருக்கியது தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும் என்ற கட்டாயத்தால். மேடையில் அந்தக் கட்டாயம் இல்லை. நேரம் போதாவிட்டால் மோன்டியை வாசியுங்கள். மூன்றாம் பகுதியை வெட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் குரலை அவ்வளவு தாழ்த்திய பிறகு வருவதால்தான் விரைவுப் பகுதி அப்படித் தாக்குகிறது.

அலங்காரம் பற்றி: பிரீமாஷ் ஒரு மெட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் சரசாத்தே அந்த அலங்காரங்களை ஏற்கெனவே ஏட்டில் எழுதிவைத்துவிட்டார். அவற்றின் மேல் இன்னும் அடுக்கினால் மெட்டு மூழ்கிப்போகும். நேரத்தை நீட்டுவது, குறுக்குவது, ஒரு ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது ஆகியவற்றில் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒத்திகையில் பக்கவாத்தியக்காரருக்கு எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.